ரயிலடியைச் சுற்றி ஓர் ஊர்

தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "ரயில் பயணம் சொகுசுதான், இறங்கிய பிறகுதான் அலைச்சல்" என்பார்கள். பட்டணங்களைத் திட்டமிடுவோர் புத்தகம் புத்தகமாக எழுதுகிற விஷயம் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுகிறது. ரயில் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். இறங்கியவர், ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாக, வெயிலிலும் மழையிலும் எந்த வழியாக நடந்து போவார் என்பதை யார் பார்ப்பது?

அன்பு வாசகர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த முறை ரயில் நிலையங்களைச் சுற்றி நடந்து பாருங்கள். நம் முன்னோர் சிந்திய வியர்வைக்கும் அந்த நிலையங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நாளை நம் பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள், வேலைக்கு எப்படிப் போவார்கள் என்பதற்கும் அவற்றோடு உறவு உண்டு.

செங்கல் சூளையும் தண்டவாளமும்

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போடப்பட்டது. அது ஈயத்துக்காகப் போட்ட பாதை. அடுத்த ஆண்டே, 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரையில் இன்னொரு பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வந்தது. இன்று அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர். கப்பலில் வந்திறங்கிய நம் பாட்டன் பாட்டிமார் அங்கிருந்த தடுப்பு முகாமில் சில நாள் தங்கியபின் ரயிலேறித்தான் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். அவர்கள் வெட்டிய பால் ரப்பர்த் தகடாகி, அதே தண்டவாளத்தில் துறைமுகத்துக்குத் திரும்பிப் போயிற்று.

கோலாலம்பூருக்கும் ஒரு கதை உண்டு. 1881இல் தீ விபத்து ஒன்றும் வெள்ளம் ஒன்றும் அந்த ஊரை அடுத்தடுத்து அழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் இனி ஆகாது, செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்று 1882இல் பிரிட்டிஷ் ஆலோசகராக வந்த சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். களிமண் கிடைக்கும் இடத்தில் சூளைகள் எழுந்தன. அந்த இடத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் நிலைத்தது. சூளைகளுக்குப் பக்கத்திலேயே ரயில்வே தன் சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய முற்றத்தை அமைத்துக்கொண்டது. முற்றத்தில் வேலை செய்பவர்களுக்கு வீடுகள் வேண்டுமே! வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ் எழுந்தன.

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிலைய அதிகாரிகளாகவும் கிராணிகளாகவும் வந்தார்கள். தமிழகத்துத் தமிழர்கள் தண்டவாளம் போட்டார்கள், கரி அள்ளினார்கள், இயந்திரம் துடைத்தார்கள். இவர்களோடு சிங்களவரும் மலையாளிகளும் சீனரும் சேர்ந்தார்கள். கந்தசுவாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம், புத்த விகாரை, ஜெபமாலை மாதா தேவாலயம் எல்லாம் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் அமைந்தது தற்செயலன்று. ரயில் வேலை செய்தவர்களுக்கு வாகனம் கிடையாது. சம்பளம் வாங்கும் இடம், சாமி கும்பிடும் இடம், பிள்ளை படிக்கும் இடம், சாமான் வாங்கும் இடம் எல்லாம் கால் போகும் தூரத்திலேயே இருந்தாக வேண்டும். இன்றைய நிபுணர்கள் பெரும்பொருள் செலவிட்டு உண்டாக்க முயல்கிற ரயிலடி ஊர், நம்மவர்கள் தேவையின் பொருட்டு அன்றே உண்டாக்கி வாழ்ந்த ஊர்தான்.

அரண்மனை போன்ற பழைய நிலையம்

உங்கள் நடையைப் பழைய கோலாலம்பூர் நிலையத்தில் தொடங்குங்கள். கொமுட்டர் ரயில் இன்றும் அங்கே நிற்கிறது. குவிமாடங்களும் வளைவுகளும் வெள்ளைச் சுவர்களுமாக அரண்மனை போல் நிற்கும் இந்தக் கட்டடம் 1910இல் எழுந்தது. ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தது. 1909இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலை வரைந்தவரும் அவரே. எதிரே 1917இல் கட்டிய ரயில்வே தலைமை அலுவலகமும் அதே சாயலில் நிற்கும்.

அழகுக்குக் குறைவில்லை. வெளியே வந்து நின்றால் நகரம் உங்களை வரவேற்கிறதா என்று பாருங்கள். வேகமாக ஓடும் கார்களும் அகன்ற சாலையும் கண்ணில் படும். சற்றுத் தள்ளித் தேசியப் பள்ளிவாசல் இருக்கிறது. வீடுகள் அருகில் இல்லை. கடைகள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கின்றன. ஆற்றைக் கடந்து பசார் செனி மின்ரயில் நிலையத்துக்குப் போக நடைபாலம் ஒன்று உண்டு. அந்தப் பாலம் வழியாக நடந்தால் சில நிமிடங்களில் துன் எச்.எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடலாம். ஒரு பாலம் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்! அது இல்லையென்றால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் அம்மனைத் தரிசிக்க டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும்.

72 ஏக்கரில் ஒரு புதுப் பட்டணம்

பழைய நிலையத்திலிருந்து ரயிலேறினால் அடுத்த நிறுத்தம் கேஎல் சென்ட்ரல். அந்தப் பெரிய நிலையமும் அதைச் சூழ்ந்த கட்டடங்களும் நிற்பது எந்த நிலத்தின்மேல் தெரியுமா? நம்மவர்கள் சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோத்த அந்தப் பழைய முற்றத்தின்மேல்தான். பரப்பளவு 72 ஏக்கர். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா இதற்குத் திட்டம் வரைந்தார். சிப்பாங் விமான நிலையத்தை வரைந்தவரும் அவரே. 2001 ஏப்ரலில் நிலையம் திறக்கப்பட்டது. தொலைதூர ரயில்கள் பழைய நிலையத்தை விட்டு இங்கே மாறின.

இதன் பின்னால் இருக்கும் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கம் நிலத்தைக் கொடுத்தது. கட்டுமான நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து நிலையத்தைக் கட்டித் தந்தன. அதற்கு ஈடாக, சுற்றியுள்ள நிலத்தில் அலுவலகம், ஹோட்டல், அடுக்குமாடி, கடைத் தொகுதி ஆகியவற்றைக் கட்டி விற்கும் உரிமையைப் பெற்றன. பொதுப் பணத்தில் கையை வைக்காமல் நிலையம் கட்ட இது ஒரு வழி. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலத்தை விற்றுத்தான் நிலையத்தின் செலவை ஈடுகட்ட வேண்டும் என்றால், அந்த நிலத்தில் அதிக விலைக்குப் போவதைத்தான் கட்டுவார்கள். சாதாரணத் தொழிலாளி வாங்கக்கூடிய வீடு அந்தக் கணக்கில் இடம்பிடிப்பது அரிது.

பழைய குவார்ட்டர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரொசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று பேர்பெற்ற வரிசை வீடுகள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே ஊழியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் கட்டியவை. தீபாவளிக்கு வாசல்தோறும் கோலமும் பலகாரத் தட்டும் கண்ட வீடுகள். இன்று அவை இல்லை. இடித்து நிரவிவிட்டார்கள். நிலையம் வளர்ந்தது, நிலையத்தை ஓட்டியவர்களின் வீடுகள் போயின. வீடுகள் பழசு, ஒழுகின என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். பழைய வீடு போன இடத்துக்குப் பக்கத்திலேயே புதிய வீடு கிடைத்ததா என்பதல்லவா நாம் கேட்க வேண்டிய கேள்வி!

ஒரு சாலையைக் கடக்க 11 ஆண்டு

சென்ட்ரலுக்குள் நின்று பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். கொமுட்டர், ஈப்போவுக்கும் வடக்கே பாடாங் பெசாருக்கும் போகும் இ.டி.எஸ். விரைவு ரயில், விமான நிலைய ரயில், கிளானா ஜெயா எல்.ஆர்.டி. எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஒரு ரயிலை விட்டு இறங்கி இன்னொன்றில் ஏற, தலையில் ஒரு துளி மழை படாது. திட்டமிட்டதன் பலன் இதுதான்.

திட்டமிடாததன் பலனையும் அதே இடத்தில் பார்க்கலாம். 2003 ஆகஸ்டு 31ஆம் நாள் மோனோரயில் ஓடத் தொடங்கியது. அதன் நிலையத்துக்கும் சென்ட்ரல் என்றுதான் பெயர். ஆனால் அது சென்ட்ரலுக்குள் இல்லை. துன் சம்பந்தன் சாலையின் மேலே தனியாக நின்றது. இரண்டுக்கும் இடையே கார் நிறுத்தும் வெற்றிடமும் போக்குவரத்து நெரிசலும் இருந்தன. பெட்டியை இழுத்துக்கொண்டு, மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு, ஜனங்கள் அந்தத் தூரத்தை நடந்து கடந்தார்கள். 2014இல் நியூ சென்ட்ரல் கடைத் தொகுதி திறக்கப்பட்டபோதுதான் இரண்டையும் இணைக்கும் கூரையிட்ட பாதை வந்தது. பத்துப் பனைமரத் தூரத்தை மூட 11 ஆண்டு! அப்போதும் அந்த வழி கடைகளின் ஊடேதான் போகிறது. கையில் காசு இல்லாத பிள்ளைகளை அழைத்துப் போகும் தாய்மார்களுக்கு அந்த வழியின் கஷ்டம் தெரியும்.

ஏன் இப்படி ஆயிற்று? 1990களில் ஒவ்வொரு பாதையையும் ஒவ்வொரு கம்பெனி கட்டியது. தன் பயணி தன் வண்டியில் ஏறினால் போதும் என்று ஒவ்வொன்றும் நினைத்தது. அடுத்தவன் வண்டிக்கு வழிகாட்டுவது தன் வேலையன்று என்று விட்டுவிட்டது. மஸ்ஜித் ஜாமெக்கில் இரண்டு எல்.ஆர்.டி. பாதைகள் சந்திக்கின்றன. அங்கே ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால் கதவைத் தாண்டி வெளியே வந்து, மறுபடியும் கட்டணம் செலுத்தி உள்ளே போக வேண்டியிருந்தது. 2011இல்தான் அந்தத் தொல்லை நீங்கிற்று. பாதைகள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்த பிறகும் சில ஆண்டுகள் பிடித்தன. பிறகு வந்த எம்.ஆர்.டி. பாடம் கற்றுக்கொண்டதைப் பார்க்கலாம். 2017இல் திறக்கப்பட்ட அதன் தேசிய அரும்பொருளக நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்குக் கூரையிட்ட நடைவழி முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

தடியூன்றி நடப்பவர்களின் தெரு

சென்ட்ரலைத் தாண்டித் துன் சம்பந்தன் சாலையில் இறங்கி நடங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கியவர் துன் சம்பந்தன். ரயிலடித் தெருவுக்கு அவர் பெயர் இருப்பது பொருத்தம்தான். 2010 அக்டோபரில் மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து இந்தப் பகுதியை 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தார்கள். 2015இல் தோரண வாயிலும் வந்தது. பூக்கடையில் மல்லிகை வாசம், துணிக்கடையில் பாட்டு, வாழையிலைச் சாப்பாடு என்று எல்லாம் உண்டு.

ஆனால் அலங்கார வளைவுகளைப் பார்ப்பதோடு நிற்காமல் தரையைப் பாருங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் பலர் இங்கே குடியிருக்கிறார்கள். உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் நடத்தி உழைத்துப் பிழைக்கிறார்கள். அவர்களுக்காக நடைபாதையில் மேடு வைத்த மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். நீண்ட கோடு மேடாக இருந்தால் நேரே போகலாம் என்று பொருள். புள்ளி புள்ளியாக மேடு இருந்தால் நில், சாலை வருகிறது என்று பொருள். கால் பாதமும் கைத்தடியும் அதைப் படித்துக்கொள்ளும்.

நீங்கள் நடக்கும்போது அந்த மஞ்சள் ஓடுகளைப் பிடித்துக்கொண்டே நடந்து பாருங்கள். எங்கேயாவது கம்பம் நடுவில் நிற்கிறதா? மோட்டார் சைக்கிள் அதன்மேல் நிறுத்தியிருக்கிறதா? கடைக்காரர் சாமான் அடுக்கியிருக்கிறாரா? ஓடு ஒரு கால்வாயின் விளிம்பில் முடிந்துவிடுகிறதா? ஒரு நகரம் நல்ல நகரமா இல்லையா என்பதற்கு இதைவிடச் சிறந்த பரீட்சை இல்லை. பார்வையற்ற ஒருவர் யாருடைய கையையும் பிடிக்காமல் நிலையத்துக்கு வர முடிந்தால், உங்கள் பாட்டியும் வர முடியும். பிள்ளைத்தாய்ச்சியும் வர முடியும்.

அயலார் என்ன செய்தார்கள்?

ஜப்பானில் கோபாயாஷி இச்சிசோ என்று ஒருவர் இருந்தார். ஒசாகாவுக்கு வெளியே வயலும் மலையுமாகக் கிடந்த இடத்துக்கு 1910இல் மின்ரயில் விட்டார். ஏறுவதற்கு ஆள் இல்லையே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் பாதையோரத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, மாதத் தவணைக்கு விற்றார். குடிவந்தவர்கள் தினமும் ரயிலில் வேலைக்குப் போனார்கள். பாதையின் மறுகோடியில் வெந்நீர் ஊற்றையும் நாடக அரங்கையும் வைத்தார். விடுமுறையில் ஜனங்கள் அந்தப் பக்கம் போனார்கள். 1929இல் ஒசாகா நிலையத்திலேயே பெரிய பல்பொருள் அங்காடியைத் திறந்தார். வண்டி இரு பக்கமும் நிறைந்து ஓடிற்று. ரயிலையும் ஊரையும் ஒன்றாகவே கட்ட வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார்.

ஹாங்காங்கில் மின்ரயில் 1979இல் ஓடத் தொடங்கியது. ரயில் வருவதற்கு முன்னிருந்த விலைக்கு நிலையத்து நிலத்தின் உரிமையை அரசாங்கம் ரயில் நிறுவனத்துக்குக் கொடுக்கும். ரயில் வந்ததும் விலை ஏறும். அந்த ஏற்றத்தின் இலாபம் ரயிலுக்கே போகும். கவுலூன் பேயில் ரயில்களைப் பழுதுபார்க்கும் பணிமனையின் கூரைமேலேயே டெல்ஃபோர்ட் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார்கள். பாதைக்குப் பணம் கிடைத்தது. வீட்டு விலை மட்டும் இறங்கவில்லை.

சிங்கப்பூர் வேறு வழி பிடித்தது. அங்கே மக்கள் தொகையில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். நிலம் அரசாங்கத்தினுடையது. 1987 நவம்பரில் யியோ சூ காங்கிற்கும் தோ பாயோவுக்கும் இடையே முதல் எம்.ஆர்.டி. ஓடியபோது, தோ பாயோ ஏற்கெனவே தொழிலாளர் குடும்பங்கள் வாழும் புதுநகரமாக இருந்தது. ரயில், ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு வந்தது. பேருந்து நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டியே அமைந்தது. 2013இல் இன்னொரு வேலை தொடங்கினார்கள். ஒவ்வொரு எம்.ஆர்.டி. நிலையத்தையும் சுற்றி 400 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் பள்ளி, மருந்தகம், வீடு ஆகியவற்றுக்குக் கூரையிட்ட நடைபாதை போட்டார்கள். 2018க்குள் அது 200 கிலோமீட்டர் நீண்டது. 400 மீட்டர் என்பது நிதானமாக நடந்தால் ஐந்து நிமிடம். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் மனிதர் மனமுவந்து நடக்கும் தூரம் அவ்வளவுதான்.

பத்துமலை வாசலில்

நம் நாட்டில் நல்ல உதாரணமே இல்லையா என்று வருந்த வேண்டாம். பத்துமலைக்குப் போயிருப்பீர்கள். முன்பெல்லாம் தைப்பூசத்துக்குப் போவதென்றால் பேருந்தில் நசுங்கி, நெடுஞ்சாலையில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளப்பட்டு நடக்க வேண்டும். 2010 ஜூலையில் செந்தூலிலிருந்து பத்துமலை வரை கொமுட்டர் பாதை திறக்கப்பட்டது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கோயில் வளாகம்தான். பால்குடம் எடுப்பவரும், மொட்டையடித்த பிள்ளையைத் தோளில் சுமப்பவரும், முழங்கால் வலியுள்ள அப்பாயியும் நேரே முருகன் வாசலில் இறங்குகிறார்கள். இதற்காக 40 மாடிக் கட்டடம் எதுவும் எழவில்லை. ஜனங்கள் எங்கே போகிறார்களோ அங்கே நிலையத்தை வைத்தார்கள். நல்ல திட்டத்துக்கு அலங்காரம் தேவையில்லை என்பதற்கு இது சாட்சி.

பண்டார் தாசேக் செலாத்தானையும் சொல்ல வேண்டும். தெற்கே போகும் பேருந்துகள் முன்பு புடுராயாவிலிருந்து புறப்பட்டன. 1976இல் திறந்த அந்த இடத்தின் புகையும் நெரிசலும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2011 ஜனவரி 1ஆம் நாள் முதல் தென்பகுதிப் பேருந்துகள் புது முனையத்துக்கு மாறின. கொமுட்டர், எல்.ஆர்.டி., விமான நிலைய வழி ரயில் மூன்றும் அதன் பக்கத்திலேயே நிற்கின்றன. நடைபாலத்தில் நடந்து மாறிக்கொள்ளலாம். சிகாமட்டிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் பேருந்தில் வருகிற குடும்பம் நகரத்துக்குள் டாக்சிக்குக் காசு கொடுக்காமல் போய்விட முடிகிறது.

பால் வெட்டிய நிலத்தில் ஓடும் ரயில்

இனி, நெஞ்சில் கை வைத்துக் கேட்க வேண்டிய செய்திக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிதாக எழுந்த நிலையங்களின் பெயர்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். 1998 காமன்வெல்த் போட்டிக்காக எல்.ஆர்.டி. போன புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். சுபாங் ஜெயா, யு.எஸ்.ஜே. பகுதிகள் 1970கள் வரை சீபீல்ட் தோட்டம். அந்த வழியே 2016இல் எல்.ஆர்.டி. நீட்டப்பட்டது. 2016 டிசம்பரில் திறந்த குவாசா டாமன்சாரா எம்.ஆர்.டி. நிலையம் நிற்பது சுங்கை பூலோவில் இருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலத்தில். நீங்களோ உங்கள் பெற்றோரோ வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரம் அந்தக் கழகம் உருவாக்கிய இனம். அந்த 2,300 ஏக்கர் நிலத்தில் புது நகரத்தை எழுப்புவது யார் தெரியுமா? ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனம். சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்களே, அதே சேமநிதிதான்.

அதாவது, நிலத்தில் நம்மவர் உழைப்பு இருக்கிறது; முதலீட்டில் நம்மவர் சேமிப்பும் கலந்திருக்கிறது. அங்கே எழும் வீடுகளில் நம்மவர் எத்தனை பேர் குடிபோவார்கள்? தோட்டம் விற்கப்பட்டபோது வெளியேறிய குடும்பங்கள் பலவும் நிலையத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போயின. அங்கே வீட்டு விலை குறைவுதான். ஆனால் வேலைக்குப் போக வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வேண்டும். அதற்குத் தவணை, பெட்ரோல், பழுது, விபத்து பயம் எல்லாம் கூடவே வரும். விலை குறைந்த வீடு என்று வாங்கியது, மாதச் செலவில் விலை கூடிய வீடாகிவிடுகிறது. நிலையத்துக்குப் பக்கத்தில் யார் குடியிருக்க வேண்டும்? கார் வைத்திருப்பவரா, கார் இல்லாதவரா? ரயில் அதிகம் தேவைப்படுகிறவருக்கே ரயிலடியில் வீடு கிடைக்காதது எந்த ஊர் நியாயம்?

நாம் செய்யக்கூடியது

வெறுமனே பெருமூச்சு விட்டுப் பயனில்லை. சில காரியங்கள் நம் கையிலும் இருக்கின்றன.

பிள்ளைகள் பட்டணத்தில் வீடு பார்க்கும்போது, "நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நம்பிவிட வேண்டாம். அது காரில் ஐந்து நிமிடமாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை மழை பெய்யும் நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வழியில் கூரை உண்டா, விளக்கு உண்டா, நெடுஞ்சாலையைக் கடக்கப் பாலம் உண்டா, பெண் பிள்ளை இரவு பத்து மணிக்குத் தனியே நடந்து வர முடியுமா என்று பாருங்கள். நடக்க முடியாத தூரமானால் இணைப்புப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று நிறுத்தத்தில் நிற்பவர்களையே கேளுங்கள். 60 வயதைக் கடந்த குடிமக்களுக்கும் உடற்குறையுள்ளவர்களுக்கும் ரயிலில் சலுகைக் கட்டணம் உண்டு. விண்ணப்பித்துப் பெறாமல் இருந்தால் இழப்பு நமக்குத்தான்.

இன்னொன்று முக்கியமானது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்த நிலம் வீட்டுக்கு, எந்த நிலம் கடைக்கு, எந்த நிலம் பாதைக்கு என்று அதில் வண்ணம் தீட்டியிருப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் எழுத்துமூலம் ஆட்சேபமோ ஆலோசனையோ கொடுக்கலாம். கூட்டரசுப் பிரதேசத்துக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. அந்த வரைபடத்தை வைக்கும் கூடத்துக்கு வீட்டுமனை நிறுவனத்தின் ஆட்கள் தவறாமல் போகிறார்கள். நம்மில் எத்தனை பேர் போகிறோம்? கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் இளைஞர் மன்றமும் சேர்ந்து போகலாம். "எங்கள் பள்ளிக்கும் நிலையத்துக்கும் இடையே கூரையிட்ட நடைபாதை வேண்டும், நிலையத்தருகே வாங்கக்கூடிய விலையில் இத்தனை வீடு வேண்டும்" என்று ஒரு பக்கம் மலாய் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். வரைபடத்தில் மை காய்வதற்குமுன் பேசினால் ஒரு பக்கக் கடிதம் போதும். சிமெண்டு காய்ந்த பிறகு பேசினால் ஊரே திரண்டாலும் போதாது.

அந்தக் காலத்தில் நம்மவர்கள் தண்டவாளம் போட்டார்கள். அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று கேட்கச் சட்டம் இடம் தருகிறது. கோலாலம்பூர் போய் வரும்போது பிள்ளைகளுக்கு நிலையங்களைக் காட்டி இதையும் சொல்லுங்கள். வீடு திரும்பியபின் உங்கள் நகராண்மைக் கழகத்தில் அடுத்த வரைவு எப்போது பார்வைக்கு வருகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.